திரும்பும் நாளிலிருந்து பின்னோக்கி: கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் பயணத் திட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அலாஸ்காவின் வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடரின் நடுவில், ஆர்க்டிக் வட்டத்துக்கு முழுக்க மேலே இருக்கிறது கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா. 1980 டிசம்பரில் தேசியப் பூங்காவானது. பாதுகாப்புப் பகுதியையும் சேர்த்துப் பரப்பு ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய நிலத்துக்குள் ஒரு சாலை கிடையாது, வெட்டிய நடைபாதை கிடையாது, முகாம் மைதானமோ வழிகாட்டிப் பலகையோ கைபேசி சிக்னலோ கிடையாது. கிழக்கு எல்லையை ஒட்டிப் போகும் டால்டன் நெடுஞ்சாலையில் இருந்து நடந்தே நுழையலாம். மற்ற பகுதிகளுக்குச் சிறு விமானம்தான் வழி. நுழைவுக் கட்டணம் இல்லை. சொந்தமாகப் போகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. இதைக் கேட்டு எளிதான இடம் என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் உண்டு. யாரும் தடுக்காத இடத்தில் திட்டத்தின் ஓட்டைகளைப் பிடிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். இங்கே தவறான கணக்கு ஒன்றோடு மலைக்குள் போய்விடுவது மிகச் சுலபம்.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது ஒரு மாதிரித் திட்டம். முதல்முறை போகிறவர்கள் வழக்கமாக எழுதும் வரைவு எப்படி இருக்குமோ அப்படி அமைத்து, அது எங்கெங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்த்து, திருத்திய வடிவத்தைத் தந்திருக்கிறோம்.

முதல் வரைவு

ஐந்து பேர். ஜூலை 10 முதல் 18 வரை ஒன்பது நாள். அலாஸ்கா நகரமான ஃபேர்பேங்க்ஸில் இருந்து காலை விமானத்தில், பூங்காவுக்குத் தெற்கே இருக்கும் சிற்றூரான பெட்டில்ஸ். அன்றைக்கே, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தில் அலட்னா ஆற்றை ஒட்டிய சர்க்கிள் ஏரி. அங்கிருந்து அரிகெட்ச் ஓடை வழியாக அரிகெட்ச் சிகரங்களின் அடிவாரம், பிறகு பக்கத்துப் பள்ளத்தாக்குகள், கடைசியாகத் தெற்கே டகாஹுலா ஏரி. நாளுக்கு 15 கிலோமீட்டர் நடை. ஒன்பதாம் நாள் மதியம் விமானம் வந்து ஏற்றிக்கொள்ளும். அன்று இரவே ஃபேர்பேங்க்ஸில் இருந்து வீடு திரும்பும் விமானம். உணவு ஒன்பது நாளுக்கு.

வரைபடத்தில் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. இடங்கள் சரி, வரிசை சரி. ஆனால் இந்தத் திட்டம் புறப்படும் நாளில் தொடங்கி முன்னோக்கிப் போகிறது. இந்தப் பூங்காவில் திட்டம் போட வேண்டியது கடைசி நாளில் இருந்து. விமானம் எந்த ஏரியில் இறங்கும், எத்தனை நாள் தாமதமாகலாம், அதுவரை நாம் என்ன சாப்பிடுவோம் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் மற்ற எல்லாக் கணக்கும்.

விமானம் ஏன் சொன்ன நாளில் வராது

மிதவை விமானிகள் கண்ணால் பார்த்து ஓட்டுகிறார்கள். பெட்டில்ஸில் இருந்து அலட்னா பள்ளத்தாக்குக்கு மலை இடுக்குகள் வழியே போக வேண்டும். மேகம் கீழே இறங்கிக் கணவாயை மூடிவிட்டால் ஓட்ட முடியாது. ஆகஸ்டில் மழை அதிகம். மேகம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து படுத்துக்கிடப்பது சாதாரணம். காட்டுத்தீப் புகையும் இதே வேலையைச் செய்யும். அதோடு நம் ஏரியில் வெயில் அடிப்பதால் மட்டும் விமானம் வந்துவிடாது. புறப்படும் இடம், வழி, இறங்கும் இடம் மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். பிறகு வரிசை வேறு. மூன்று நாள் தேங்கிய எல்லாக் குழுக்களையும் ஒரே விமானம் ஒவ்வொன்றாக எடுக்கும்.

ஆக, மூன்று நாள் உபரி உணவு என்பது பயந்தவர்களின் ஏற்பாடு இல்லை. அதுதான் குறைந்தபட்சம். அதேபோல வீடு திரும்பும் விமானச் சீட்டும் அந்த மூன்று நாளுக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். அன்று இரவே விமானம் என்று வரைவில் இருப்பது வெறும் பணநஷ்ட அபாயம் மட்டும் அல்ல. சீட்டு கையில் இருக்கிறவர்கள் விமானியை அவசரப்படுத்துவார்கள்; ஆறு இறங்கும்வரை காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று ஏரி. சர்க்கிள் ஏரி சிறியது. வறண்ட கோடையில் தண்ணீர் இறங்கினால் விமானி அதில் இறங்க மறுக்கலாம். அப்படியானால் எங்கே? தெற்கே டகாஹுலா இருக்கிறது. அது பெரிது, ஆழம் உண்டு. மாற்று இடம் எது, எந்தச் சூழ்நிலையில் அங்கே நகர வேண்டும், யார் யாருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பதைப் புறப்படும் முன் விமானியோடு உட்கார்ந்து ஒரே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இருவர் கையிலும் ஒரே அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், ஒரே வடிவத்தில். ஒருவர் தசம டிகிரியிலும் மற்றவர் டிகிரி நிமிடத்திலும் எழுதிவைத்தால் அவசரத்தில் குழப்பம் நிச்சயம்.

1981: பேசி முடிக்காத ஒரு ஏற்பாடு

இதே புரூக்ஸ் மலைப்பகுதியின் கிழக்கே, கோலீன் ஆற்றை ஒட்டிய ஏரி ஒன்றில், 1981 மார்ச்சில் கார்ல் மெக்கன் என்ற புகைப்படக் கலைஞர் தனியாக இறங்கினார். கோடை முழுக்க வனவிலங்குகளைப் படம் எடுப்பது திட்டம். 500 ஃபிலிம் சுருள்கள், ஏறத்தாழ 1,400 பவுண்டு உணவும் சாமானும், துப்பாக்கிகள் என்று ஏற்பாடு பெரிது. ஆகஸ்ட் நடுவில் தன்னை அழைத்துப் போக விமானம் வரும் என்று நம்பினார். ஆனால் அதற்கான ஏற்பாடு உறுதியாகப் பேசி முடிக்கப்படவில்லை. வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் துப்பாக்கித் தோட்டாக்களில் பெரும்பகுதியை முன்பே தூக்கிப் போட்டுவிட்டார்.

வெளியே கவலைப்பட்டவர்கள் சொல்லி, மாநிலக் காவல் விமானம் ஒன்று அவர் முகாமுக்கு மேல் வந்து வட்டமிட்டது. அவர் மகிழ்ச்சியில் ஒரு கையை முஷ்டி மடக்கி உயர்த்தினார். விமானம் போய்விட்டது. வேட்டை உரிமத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த சைகைகளைப் பிறகு பார்த்தபோதுதான், ஒரு கை உயர்த்தினால் எல்லாம் நலம், இரு கையும் உயர்த்தினால்தான் உதவி தேவை என்று அவருக்குத் தெரிந்தது. குளிர்காலத்தில் உணவு தீர்ந்து, அந்தக் கூடாரத்திலேயே அவர் வாழ்வு முடிந்தது. 1982 பிப்ரவரியில்தான் உடல் கிடைத்தது. நடந்ததெல்லாம் அவருடைய நாட்குறிப்பில் இருந்தது.

இவரிடம் பொருள் குறைவில்லை, மலை அனுபவமும் இருந்தது. இல்லாதது ஒரு தேதி, ஒரு இடம், அதைப் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட ஒரு ஆள். இன்று சாட்டிலைட் கருவி இருக்கிறது என்பதால் இது பழங்கதை ஆகிவிடவில்லை. கருவி ஆற்றில் விழும். மின்கலம் குளிரில் தீரும். திரும்பும் ஏற்பாடு கருவி இல்லாமலும் நடந்தேற வேண்டும்: நம்மிடம் இருந்து எந்தச் செய்தியும் வராவிட்டாலும் குறித்த தேதியில் விமானம் கிளம்ப வேண்டும், அது விமான நிறுவனத்தின் பதிவேட்டில் எழுத்தில் இருக்க வேண்டும். இரு கை உயர்த்தினால் உதவி என்ற சைகை இன்றைக்கும் அதேதான். ஐந்து நொடியில் குழுவில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

எடைக் கணக்கு: ஐந்து பேர் ஏன் நான்கானார்கள்

இங்கே பெரும்பாலும் பறப்பது டி ஹேவிலாண்ட் பீவர். ஆளும் சாமானும் சேர்த்து ஏறத்தாழ 1,000 முதல் 1,200 பவுண்டு வரை ஏற்றுவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம், ஏரிக்கு ஏரி மாறும். சின்ன ஏரியில், காற்றே இல்லாத வெக்கையான நாளில், மிதவைகள் தண்ணீரை விட்டு எழும்ப நீளமான ஓட்டம் வேண்டும். அந்த நாளில் சுமை இன்னும் குறையும்.

ஒரு ஆளின் மூட்டை இப்படி வரும்: 13 நாள் உணவு (கடைசியில் வரும் திருத்திய திட்டப்படி பத்து நாளும் மூன்று உபரி நாளும்), நாளுக்கு 750 கிராம் என்று 9.75 கிலோ, கரடி திறக்க முடியாத உணவு டப்பா இரண்டு, 2.3, கூடாரத்தில் தன் பங்கு 1.8, ஸ்லீப்பிங் பேக்கும் விரிப்பும் 2, உடைகள் 3, அடுப்பு, எரிபொருள், பாத்திரம், மருந்து, சாட்டிலைட் கருவி ஆகியவற்றில் தன் பங்கு 2, முதுகுப்பை 2.2; கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே 0.4, பழுதுபார்க்கும் சாமான், கேமரா, சில்லறை 2. கூட்டினால் 25.5 கிலோ. ஆளுக்குச் சராசரி 75 கிலோ, உடுத்தியிருப்பதும் பூட்ஸும் 3 என்று வைத்தால் ஒருவருக்கு 103.5 கிலோ. ஐந்து பேருக்கு 517 கிலோ, அதாவது 1,140 பவுண்டு. நான்கு பேருக்கு 414 கிலோ, 913 பவுண்டு.

ஐந்தாவது ஆள் வந்தால் சிறு ஏரியில் இருந்து இரண்டு தடவையாக எடுக்க வேண்டிவரும். வாடகை தலைக்கு இல்லை, பறப்புக்கு. விமானம் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் நாம்தான் தருகிறோம். செலவு அப்படியே இரட்டிக்கும். அதைவிடக் கவலை, முதல் தடவை போன பிறகு மேகம் மூடிவிட்டால் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அப்படி நேர்ந்தால் எந்தப் பாதியிடம் அடுப்பு, எந்தப் பாதியிடம் கருவி? நான்கு பேர் என்று முடிவு செய்வதே நல்லது.

கரடி டப்பா

இந்தப் பூங்காவில் உணவைக் கரடி திறக்க முடியாத கடினமான டப்பாவில் வைப்பது கட்டாயம். மரத்தில் கட்டித் தொங்கவிடும் வழி இங்கே உதவாது. மேலே போகப் போக மரமே இல்லை. ரேஞ்சர் நிலையங்களில் இலவசமாக இரவல் தருவார்கள், முதலில் வருகிறவர்களுக்கு முதலில். ஒன்பது நாள் வரைவில் ஆளுக்கு ஒரு டப்பா என்று எழுதியிருந்தார்கள். இங்கேதான் கணக்கு பிசகுகிறது.

பரவலாகக் கிடைக்கும் பெரிய டப்பாவின் கொள்ளளவு 11.5 லிட்டர். 750 கிராம் உணவை எவ்வளவு அமுக்கினாலும் நாளுக்கு 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். பதின்மூன்று நாளுக்கு 22 லிட்டர். இதோடு பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு, கொசு மருந்து, குப்பைப் பை என வாசனை உள்ள எல்லாமும் டப்பாவுக்குள்தான் போக வேண்டும். ஆளுக்கு இரண்டு, குழுவுக்கு எட்டு. எட்டையும் இரவல் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல் குறைந்தது நான்கைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நிரப்புவதிலும் ஒரு வழி இருக்கிறது. கடைப் பொட்டலங்களைப் பிரித்து மெல்லிய பைக்கு மாற்றி, ஊசியால் துளையிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். உருளையின் சுவரை ஒட்டி முதலில் தட்டையானவற்றை வளைத்து நிறுத்தி, நடுவில் ஓட்ஸ், பருப்பு மாதிரி உதிரியானவற்றைக் கொட்டினால் இடுக்கெல்லாம் நிரம்பும். கடைசி நாள் உணவு அடியில். இரவில் டப்பாவைக் கூடாரத்தில் இருந்து 100 கஜத்துக்குக் குறையாத தூரத்தில், சமதரையில், புதருக்குள் தள்ளி வைக்க வேண்டும். ஓடைக்கரையிலோ சரிவிலோ வைத்தால் கரடி உருட்டும்போது டப்பா தண்ணீரில் போய்விடும். கயிறு கட்டக் கூடாது. கரடிக்கு அது கைப்பிடி. சமைப்பதும் அதே தூரத்தில்.

கரடி ஸ்பிரேயையும் அடுப்பு எரிபொருளையும் பயணிகள் விமானத்தில் பெட்டியில்கூட கொண்டுபோக முடியாது. பெட்டில்ஸில் எந்த வகை எரிபொருள் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அதற்கேற்ற அடுப்பை எடுக்க வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும் என்றால் வெள்ளை பெட்ரோல் ஆளுக்கு நாளுக்கு 60 மில்லி. நான்கு பேர், 13 நாளுக்கு 3.1 லிட்டர். காற்றுக்கும் கொட்டிப்போவதற்கும் சேர்த்து 3.5. முன்பு பயன்படுத்திய அடுப்பில் எண்ணெய் வாடை இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். கழுவிக் காயவைத்துக் கொண்டுபோக வேண்டும். மிதவை விமானத்தில் ஏறும்போது ஸ்பிரேயை முதுகுப்பைக்குள் ஒளித்துவைக்காமல் விமானி கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் அதை மிதவையின் அறைக்குள் வைப்பார். விமானத்துக்குள் அது வெடித்தால் அவராலும் கண்ணைத் திறக்க முடியாது.

15 கிலோமீட்டர் என்ற கற்பனை

வெட்டிய பாதையில் நடந்து பழகியவர்கள் எழுதும் எண் இது. இங்கே நாளுக்கு ஆறு மைல், அதாவது 10 கிலோமீட்டருக்குள், நடந்தாலே நல்ல முன்னேற்றம். காரணம் நிலத்தில் இருக்கிறது. கீழே நிரந்தர உறைமண். நீர் இறங்காமல் மேலேயே தேங்குகிறது. அந்த ஈரத்தில் பஞ்சுப்புல் முழங்கால் உயரத்துக்குக் குமிழ் குமிழாக வளர்ந்து நிற்கிறது. மேலே மிதித்தால் சாய்கிறது, இடையில் மிதித்தால் கணுக்கால் வரை சேறு. இருபத்தைந்து கிலோ முதுகில் இருக்கும்போது ஒவ்வொரு அடியும் கணுக்காலுக்குச் சோதனை. ஆற்றோரம் போனால் வில்லோ, ஆல்டர் புதர்கள் பின்னிக்கிடக்கும். மேலே ஏறினால் ஆட்டம் காணும் கருங்கல் பாறைகள். சர்க்கிள் ஏரியில் இருந்து மேல்முகாம் வரை 15 கிலோமீட்டருக்குள்தான். அதற்கு முழுசாக இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். சரிவின் நடுவே ஓடும் விலங்குத் தடங்களைக் கண்டுபிடித்தால் அவைதான் நல்ல வழி. மனிதனைவிட அவற்றுக்குத்தான் இந்த நிலம் தெரியும்.

திசைகாட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் பகுதியின் பழைய அரசு வரைபடங்களில் அச்சிட்டிருக்கும் காந்த விலக்கத்துக்கும் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள கோணம்) இன்றைய விலக்கத்துக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். பத்து டிகிரி பிசகினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 175 மீட்டர் விலகிப்போவோம். மூடுபனியில் அது வேறு பள்ளத்தாக்கு. புறப்படும் வருடத்தின் எண்ணைப் பார்த்து வரைபட ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆறும் தண்ணீரும்

உறைமண்ணுக்கு மழையை உறிஞ்சத் தெரியாது. பெய்தது எல்லாம் ஓடைக்கு வந்துவிடும். காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை இரவு மழைக்குப் பிறகு இடுப்பு அளவு ஓடும். ஆனால் ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும். மழை நின்று ஒரு நாள் காத்திருந்தால் பல ஓடைகள் வழிவிடும். காத்திருப்பது சோம்பல் இல்லை, அதற்குத்தான் உபரி நாள். நீர் ஓரத்தில் ஒரு கல்லைப் பாதி நனைய வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கல் முழுகியிருந்தால் கூடாரம் போடலாம். காய்ந்திருந்தால் நீர் இறங்குகிறது.

கடக்கும் இடத்துக்கு ஆறு பல கிளையாகப் பிரிந்து அகலமாக ஓடும் சரளைத் திட்டுதான் சரி. ஒடுங்கிய இடம் தூரம் குறைவாகத் தோன்றும். ஆழமும் வேகமும் அங்கேதான். பூட்ஸைக் கழற்றாமல், முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு, முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி, பக்கவாட்டில் நகர வேண்டும். பட்டை போட்டபடி விழுந்தால் பை ஆளைக் குப்புறக் கவிழ்த்துவிடும். தண்ணீர் தொடையைத் தாண்டி வேகமாக இருந்தால் திரும்பிவிடுவதே சரி.

சில வருடங்களாகப் புரூக்ஸ் மலையின் சில ஓடைகள் துரு நிறத்தில் ஓடத் தொடங்கியிருக்கின்றன. உறைமண் உருகி, கந்தகத் தாதுக்கள் காற்றும் நீரும் பட்டு, அமிலமும் இரும்பும் கரைந்து வருவதுதான் காரணம். 2024இல் வெளியான ஆய்வு 75 ஓடைகளைப் பட்டியலிட்டது. ஒரு தெளிந்த ஆறு கண்ணெதிரே இப்படி மாறுவது வேதனையான காட்சி. பயணிக்கு இதில் நடைமுறை விஷயம் ஒன்று: கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் கிருமிதான் போகும், கரைந்த உலோகம் போகாது. ஆரஞ்சு படிந்த கற்களைக் கண்டால் பக்கத்தில் தெளிவாக இறங்கும் வேறு ஓடையில் பிடிக்க வேண்டும். நுண்குழல் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் வெளியே தெரியாமல் கெட்டுவிடும்; இரவில் அது ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கட்டும்.

காலம்

ஜூன் நடுவில் இருந்து ஜூலை முடியும்வரை கொசு உச்சம். ஆகஸ்ட் தொடங்கியதும் தணியும், ஆனால் மழை கூடும். செப்டம்பரில் ஏரிகள் உறையத் தொடங்கும். மிதவை விமானத்தின் காலம் முடியும். பனி எந்த மாதத்திலும் விழலாம். ஐந்து டிகிரி வெப்பத்தில் நனைந்த உடம்புதான் இங்கே பெரிய ஆபத்து, காய்ந்த குளிர் அல்ல. அதனால் பருத்தி உடை வேண்டாம்; படுக்கும் உடை ஒரு செட் எந்த நிலையிலும் நனையாமல் நீர்ப்புகாப் பையில் இருக்க வேண்டும்.

திருத்திய திட்டம்

நான்கு பேர். ஆகஸ்ட் 4 பெட்டில்ஸ். அன்று ரேஞ்சர் நிலையத்தில் விளக்க வகுப்பு, டப்பா, எரிபொருள், விமானியோடு வரைபடம். 5ஆம் தேதி பறப்பு. வானம் மூடினால் 6. இரண்டு நாளில் மேல்முகாம். சிகரங்களின் அடிவாரத்தில் நான்கு இரவு ஒரே முகாம். சின்னப் பையோடு அக்வேரியஸ் பள்ளத்தாக்குக்குப் போய்வருவது. வட்டமாகக் கணவாய் ஏறி வேறு ஓடையில் இறங்கும் யோசனை நீக்கப்பட்டது: பாதியில் மழை பிடித்தால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. பிறகு இரண்டு நாள் இறக்கம். 14 மாலை சர்க்கிள் ஏரிக்கரை, 15 விமானம், 18 வரை உணவு. ஃபேர்பேங்க்ஸில் இருந்து வீட்டு விமானம் 20க்கு முன் இல்லை.

செய்திக் கருவி இரிடியம் வலையமைப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அந்தச் சாட்டிலைட்டுகள் துருவம் வழியாகச் சுற்றுவதால் தலைக்கு மேல் வந்துபோகும். நிலநடுக்கோட்டுக்கு மேல் நிலையாக நிற்கிறவை இந்த அட்சரேகையில் அடிவானத்தை ஒட்டி இருப்பதால் மலை மறைத்துவிடும். 15 காலையில் விமான நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியது "வானிலை பரவாயில்லை" என்பதல்ல. எந்த மலைமுகடு தெரிகிறது, எது மேகத்தில் மறைந்திருக்கிறது, ஏரியில் அலை எந்தப் பக்கமிருந்து, மழை உண்டா, எத்தனை கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பவை. விமானி இவற்றை வைத்துத்தான் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

ஊரில் ஒருவரிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்: நால்வர் பெயர், கூடாரங்களின் நிறம், இறங்கும் ஏரியும் மாற்று ஏரியும் எண்களோடு, விமான நிறுவனத்தின் தொலைபேசி, ரேஞ்சர் நிலையத்தின் தொலைபேசி, யாருக்கு என்ன மருந்து. 15 இரவு செய்தி இல்லாவிட்டால் பதற வேண்டாம், 16 காலை விமான நிறுவனத்தை அழைக்கவும். வானிலை திறந்து 24 மணி நேரமாகியும் விமானம் குழுவைக் காணாவிட்டால் ரேஞ்சர் நிலையத்தை அழைக்கவும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். திரும்பி பெட்டில்ஸ் வந்ததும் டப்பாக்களைக் கழுவி ஒப்படைத்து, வந்துசேர்ந்ததை நிலையத்தில் சொல்லிவிட்டு, தாள் வைத்திருப்பவருக்கும் உடனே தகவல் தர வேண்டும். இது விட்டுப்போனால், பத்திரமாகத் திரும்பிவிட்ட நால்வருக்காக ஒரு தேடுதல் விமானம் அந்த மலைகளுக்கு மேல் பறக்க நேரும்.